மூன்று கைகள் நெய்த முக்காடு



சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பிலே முல்லைத் திணை நடத்திக்கொண்டிருந்தேன். ஆயர்களைக் கலித்தொகை மூன்று வகையினராகக் காட்டுகிறது. பசு மேய்ப்போர் கோவினத்தாயர். எருமை மேய்ப்போர் கோட்டினத்தாயர். ஆடு மேய்ப்போர் புல்லினத்தாயர். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், மாட்டால பால், தயிர், நெய் வரும். ஆட்டை வைச்சு அவை என்ன செய்தவை? இறைச்சி மட்டுமோ?"

"மயிரும் உண்டு பிள்ளை. அதிலே உடுப்பு நெய்யலாம்" என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. இலக்கியத்திலே மதிப்போடு வாழ்ந்த ஒரு சொல் இன்று தெருவிலே வசைச் சொல்லாகிவிட்டதே என்ற கவலை எனக்கு. அவளோ விடவில்லை. "எங்கட ஆட்டில அப்பிடி நெய்யிறதுக்கு ஒண்டுமே இல்லையே, சேர்!"

அவள் சொன்னது உண்மை. எங்கள் வடக்குக் கிழக்கிலே மேய்கின்ற செம்மறி, யாழ்ப்பாண இனத்தைச் சேர்ந்தது. வெப்ப நாட்டுக்கு ஏற்றபடி உடலோடு ஒட்டிய குறுமயிர்தான் அதற்கு உண்டு. கத்தரித்து நூற்கக்கூடிய கம்பளி மயிர் இல்லை. ஆனால் ஆட்டு மயிர் ஆடை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலே புகார் நகரத்தை வருணிக்கும் இளங்கோவடிகள், பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகிய மூன்றிலும் நெய்யும் காருகர், அதாவது நெசவாளர், வாழ்ந்த இருப்பிடத்தைக் குறிப்பிடுகிறார். ஊர் கூடி விழா எடுக்கப்போகும் வேளையிலே நெசவாளர் தெருவையும் அவர் காட்டுவது கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டிலே திருச்சி, சேலம், தருமபுரிப் பக்கங்களில் கருங்குறும்பை என்ற கறுப்புச் செம்மறி இனம் இருக்கிறது. குறும்பர் என்னும் மேய்ப்பர் சமூகத்தினர் அத்தகைய ஆட்டின் மயிரிலே கறுப்புக் கம்பளி நெய்தவர்கள்.

இருந்தாலும் ஆடு, நூல், தறி, சாயம், விழா என்ற ஐந்தும் ஒரே கயிற்றிலே கோத்தாற்போல் நின்ற ஓர் இடத்தை அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால், நான் இன்னும் வடக்கே கைநீட்ட வேண்டும். அந்த இடம் இந்தியாவின் மேற்குக் கோடியிலே, குஜராத் மாநிலத்திலுள்ள கட்ச் மாவட்டம். இன்றைய உரை அதைப் பற்றியதே.

கட்ச் ஒரு மாவட்டந்தான். ஆனால் பரப்பிலே இலங்கைத் தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதிலும் பெரும் பகுதி ரண் எனப்படும் உப்பு வெளி. மழைக்காலத்தில் நீர் நிற்கும். கோடையிலே வெள்ளை உப்புப் பாளமாகக் காயும். இத்தகைய நிலத்திலே ஓரிடத்தில் இருந்து மந்தை வளர்க்க முடியாது. புல் இருக்கும் திசையை நோக்கி நடக்க வேண்டும். அப்படி நடப்பவர்கள் றபாரிகள். ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு ஆகியவை அவர்கள் செல்வம். பார்வதி தேவி களிமண்ணிலே ஒட்டகம் செய்தாள், சிவபெருமான் அதற்கு உயிர் கொடுத்தார், அது ஓடித் திரிந்தபடியால் அதை மேய்க்க ஒரு மனிதனையும் படைத்தார், அவனே எங்கள் முதல்வன் என்பது அவர்கள் நம்பிக்கை.

றபாரிப் பெண்களின் உடையிலே முதலில் கண்ணில் படுவது தலையிலிருந்து முதுகு வழியே தொங்கும் கம்பளி முக்காடு. அதை லூடி என்பார்கள். கறுப்பு நிறம், அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகள். புள்ளிகளின் அமைப்பையும் கரையையும் கண்டே, இவள் எந்தக் கிளையைச் சேர்ந்தவள் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இது றபாரிகளின் அடையாளம். ஆனால் இதை முழுக்க றபாரிகள் செய்வதில்லை. அங்கேதான் இந்தத் துணியின் கதை ஆரம்பிக்கிறது.

முதற் கை றபாரியுடையது. ஆட்டை வளர்ப்பதும் மயிர் கத்தரிப்பதும் அவர்கள் வேலை. அந்த மயிரைப் பெண்கள் ஆய்ந்து, முள்ளும் மண்ணும் நீக்கி, நூலாக நூற்பார்கள். சந்தையிலே எளிதாக வாங்கக்கூடிய பொருளல்ல இந்த நூல். தன் ஆட்டின் மயிர், தன் கையின் முறுக்கு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலே ஓர் உரிமை உண்டு.

இரண்டாவது கை வண்கருடையது. வண்கர் என்றால் நெசவாளர். தலைநகரான பூஜ் நகருக்கு அருகேயுள்ள பூஜோடி, இவர்களுக்குப் பேர்போன ஊர். இவர்கள் ராஜஸ்தானின் மார்வாட் பகுதியிலிருந்து வந்த மேக்வால் சமூகத்தினர். இவர்கள் வரவைப் பற்றி ஒரு கதை உண்டு. ராஜஸ்தானிலிருந்து வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி கட்சுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாளாம். புகுந்த இடத்தில் மகளுக்கு உடுபுடவைக் குறை வரக்கூடாது என்று தகப்பன் சீதனத்தோடு ஒரு நெசவாளரையும் அனுப்பினாராம். அந்த ஒருவர் வழியிலே பெருகியதுதான் இவ்வளவு நெசவாளர் குடும்பங்களும் என்பார்கள்.

வண்கர் குழித்தறியிலே நெய்தார்கள். கம்பளி நூல் மென்மையானது. தறியிலே உராயும்போது பிசிறும், அறும். அதனால் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். கோதுமை மாவோடு காட்டு வெங்காயச் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சிய பசையைப் பாவிலே தூரிகையால் பூசி உலர்த்துவது அவர்கள் முறை. தறி அகலம் குறைந்தது. ஆகவே இரண்டு நீளத் துண்டுகள் நெய்து, நடுவிலே சேர்த்துத் தைத்தால்தான் ஒரு முக்காட்டுக்குரிய அகலம் கிடைக்கும். அந்த நடுத் தையலையே பெண்கள் அலங்காரமாக்கிவிடுவார்கள்.

மூன்றாவது கை கத்ரிகளுடையது. கத்ரிகள் சாயக்காரர், கட்சிலே பெரும்பாலும் முஸ்லிம்கள். இவர்களுள் அஜ்ரக் என்ற அச்சுத் துணி செய்யும் கத்ரிகளின் முன்னோர் 16ஆம் நூற்றாண்டிலே, கட்ச் அரசர் பாரமல் காலத்தில், சிந்துப் பகுதியிலிருந்து வந்தவர்கள். சாரண் ஆற்றின் நீர் சாயத்துக்கு உகந்தது என்று கண்டு தமட்கா என்னும் ஊரை அமைத்தார்கள்.

கம்பளிக்குச் சாயம் போடுவது பருத்திக்குப் போடுவதைப் போன்றதன்று. பருத்தி தாவர நார். ஆட்டு மயிரோ எங்கள் தலைமயிரும் நகமும் போலக் கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. புளிப்பான சாயநீரில் அது நிறத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அரக்குச் சாயம் அதற்கு நன்றாகப் பொருந்தும். மரக்கிளையிலே கூட்டமாய் ஒட்டி வாழும் சிறு பூச்சி உண்டாக்குவதுதான் அரக்கு. அதை நொறுக்கி ஊறவைத்தால் சிவப்பு நீர் இறங்கும். பிசினாக எஞ்சுவது முத்திரை அரக்குக்கும் மெருகுக்கும் போகும். படிகாரம் சேர்த்தால் சாயம் நிலைக்கும். ஆனால் கொதியை மெல்ல ஏற்ற வேண்டும். மெல்லத்தான் ஆறவும் விடவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றினால் கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும்.

புள்ளிகள் எப்படி வருகின்றன? துணியைச் சிறு சிறு முனையாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டிய இடத்துக்குள் சாயம் போகாது. முதலில் இளநிறம், பின் வேறு இடங்களைக் கட்டி அடுத்த நிறம், கடைசியில் கருநிறம். எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து உதறும்போதுதான் இருளிலே நட்சத்திரங்கள்போலப் புள்ளிகள் தெரியும். கறுப்புக்கு இரும்பு வேண்டும். கத்ரிகள் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நீரிலே பல நாள் புளிக்கவைத்து அச்சுத் துணிக்குக் கறுப்பு எடுக்கிறார்கள். இரும்பு கடுக்காயோடு சேர்ந்தால் கறுப்புப் பிறக்கும் என்பதை, கடுக்காய் மை காய்ச்சிய எங்கள் முன்னோரும் அறிந்திருந்தார்கள்.

இவ்வாறு மூன்று சமூகங்களின் கை பட்ட முக்காடு எங்கே போய்ச் சேருகிறது? கலியாணத்துக்கு. ஆண்டின் பெரும் பகுதி மந்தையோடு திரிபவர்கள் மழைக்காலத்திலே ஊர் திரும்புவார்கள். கண்ணன் பிறந்த கோகுலாட்டமி அப்போதுதான் வரும். மாடு மேய்த்த கண்ணன் பிறந்த நாளே மேய்ப்பர்களுக்கும் நல்ல நாள். கட்சி றபாரிகள் என்ற கிளையினர் தங்கள் கலியாணங்களை வழமையாக அந்த நாளையொட்டியே வைத்தார்கள். சமூகம் முழுவதும் கூடி நிற்கும் அந்த நாளுக்காகத்தான் ஆண்டு முழுவதும் மயிர் சேர்ந்தது, நூல் முறுகியது, தறி ஓடியது, சாயப் பானை கொதித்தது. விழா இல்லையென்றால் இவற்றுள் எதற்கும் ஒரு தவணை இராது.

மங்கலத்துக்கு உடுக்கும் முக்காடு ஏன் கறுப்பு? அவர்களிடையே வழங்கும் கதைகளுள் ஒன்று இது. முன்னொரு காலம் றபாரிகள் ஜெய்சல்மேரிலே வாழ்ந்தார்கள். அங்கே ஆண்ட மன்னன் ஒரு றபாரிப் பெண்ணைக் கேட்டான். இவர்கள் மறுத்தார்கள். மன்னன் கோபத்துக்கு அஞ்சி இரவோடிரவாகத் தப்பியபோது ஒரு முஸ்லிம் உதவினார். அதற்காக அவர் கொல்லப்பட்டார். அவருக்காகவே எங்கள் பெண்கள் இன்றும் துக்க நிறம் உடுக்கிறார்கள் என்பது கதை. இது வரலாறா, புனைவா என்று நான் வாதாட வரவில்லை. 2002ஆம் ஆண்டிலே குஜராத்தின் பல நகரங்களில் இந்து முஸ்லிம் கலவரத்தில் எத்தனையோ உயிர்கள் போயின. அதே மாநிலத்திலேதான் இந்துக்களான இந்த மேய்ப்பர்கள் ஒரு முஸ்லிமுக்காகத் துக்கம் காக்கும் கதையும் வழங்குகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இந்த மூன்று கைகளுக்கும் இடையே பணம் அதிகம் புழங்கவில்லை. இன்ன நெசவாளர் குடும்பம் இன்ன மேய்ப்பர் குடும்பங்களுக்கு என்று தலைமுறை வழக்கம் இருந்தது. மயிர், பால், நெய், தானியம் என்று கூலி போகும், துணி வரும். கொடுத்ததும் வாங்கியதும் நாட்குறிப்பிலே இல்லை. நாக்கிலும் நினைவிலும் இருந்தன.

இந்த இடத்திலே என் அம்மம்மாவின் நினைவு வருகிறது. எங்கள் ஊர் திரியாய். வயலும் மாட்டுப் பட்டியுந்தான் ஊரின் செல்வம். அந்நாளிலே புல்மோட்டைப் பக்கமிருந்து ஒரு புடவை வியாபாரி சைக்கிளிலே வருவாராம். "புடவை நானா" என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் துணி அவரிடம். காசு இருந்தால் காசு, இல்லாவிட்டால் நெய். 1985இல் ஊர் எரிந்தது. நான் அப்போது ஆறு வயதுப் பிள்ளை. உடுத்த உடுப்போடு திருகோணமலைக்கு வந்தோம். பட்டி மாடுகள் காட்டோடு போயின. அதன்பின் எத்தனையோ இழப்பை அம்மம்மா சொல்லி அழுதிருக்கிறார். ஆனால் சாகும்வரை அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்று: "நானாவுக்கு ரெண்டு போத்தல் நெய் குடுக்கவேணும்." மாடும் இல்லை, நெய்யும் இல்லை, அந்த நானா எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. கடன் மட்டும் இருந்தது.

கட்சிலும் இந்தக் கயிறு அறுந்தது. ஒரே நாளிலன்று, ஒவ்வொரு புரியாக. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஆட்டிலே இறைச்சிக்குக் கிடைத்த விலை மயிருக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு மெறினோ நூலும், ஆலையிலே செய்த அக்றிலிக் நூலும் மென்மையாகவும் மலிவாகவும் வந்தன. நெசவாளர் பட்டணத்தாருக்குச் சால்வை நெய்யத் தொடங்கினார்கள். அதற்கு உள்ளூர் முரட்டு மயிர் தேவைப்படவில்லை. றபாரிப் பெண்களும் கடையிலே கிடைக்கும் இலேசான கறுப்புச் செயற்கைத் துணியை முக்காடாக்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சித்திரை வெயிலிலே கம்பளி போர்த்துத் தண்ணீர்க் குடம் சுமந்து பார்த்தவர்கள் அவர்கள், நாங்கள் அல்லர்.

விழாவே கலையை நெருக்கிய சந்தர்ப்பமும் உண்டு. தேபாரியா என்ற கிளையிலே மணப்பெண் பெருந்தொகையான பூவேலைத் துணிகளைத் தன் கையாலே தைத்து முடித்த பின்னரே புகுந்த வீடு போக வேண்டும். அதனால் கலியாணமான பெண்கள் ஆண்டுக்கணக்கிலே தாய்வீட்டில் இருந்து தைத்தார்கள். கடைசியில் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் பூவேலை உடுப்பையே தடைசெய்து, மீறினால் தண்டம் என்று விதித்தார்கள். சீதனச் சுமை பற்றி எங்கள் சமூகத்துக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊசி வேலையைத்தானே தடுத்தீர்கள் என்று, கடை நாடாவையும் சரிகையையும் இயந்திரத்தில் தைத்துப் புதிய அலங்காரம் ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள்.

பிறகு 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி பெரும் நிலநடுக்கம். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். தமட்காவிலே நீரின் தன்மையும் மாறியது. இரும்பு கூடிய அந்த நீரிலே நிறங்கள் ஒழுங்காக வரவில்லை. கத்ரிகளுள் பலர் எழுந்து போய் அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்தார்கள். எங்கள் மாகாணத்திலே நெசவுக்குப் பேர்பெற்ற மருதமுனையை நினைத்துக்கொள்ளுங்கள். 2004 ஆழிப்பேரலை அந்தக் கரையையும் தாக்கி வீடுகளையும் தறிகளையும் அழித்தது. எத்தனை தமிழ் வீடுகளிலே அந்த முஸ்லிம் நெசவாளரின் சாரமும் சேலையும் இருந்திருக்கும்!

இந்தக் கதை கட்சுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். வட அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை நிலத்திலே நவஹோ என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். தங்களைத் தீனே என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய கம்பளித் துணி உலகப் புகழ் பெற்றது. நெசவைச் சிலந்திப் பெண் என்ற தெய்வம் கற்பித்தது என்பது அவர்கள் மரபு. பக்கத்து ஊரவரான புவெப்லோ மக்களிடம் கற்றார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. ஆடு ஸ்பானியர் கொண்டுவந்த சுர்ரோ இனம். சிவப்பு நிறத்துக்கோ, ஐரோப்பாவில் நெய்து சாயமிட்ட கம்பளித் துணியை வாங்கி, இழை இழையாகப் பிரித்துத் தங்கள் தறியிலே சேர்த்தார்கள். பழைய நவஹோத் துணிகள் சிலவற்றின் சிவப்பைச் சோதித்தபோது அதிலே அரக்குச் சாயம் இருந்தது. அரக்கு எங்கள் ஆசிய மரங்களில் விளைவது! கடல் கடந்து போன ஒரு பூச்சியின் நிறம் அவர்கள் போர்வையிலே ஏறியிருக்கிறது.

அவர்களும் ஊரிழந்தவர்கள். 1863, 1864ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படை அவர்கள் ஆடுகளைக் கொன்று, பழமரங்களை வெட்டி, அவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் அடைத்தது. 1868 ஜூன் மாத உடன்படிக்கையின் பின்னே திரும்பி வந்தார்கள். அந்த உடன்படிக்கையிலே 15,000 செம்மறி வெள்ளாடுகள் வாங்கிக் கொடுக்க ஏற்பாடு இருந்தது. ஊரைத் திருப்பிக் கொடுத்தால் போதாது, ஆட்டையும் கொடுக்க வேண்டும் என்பது அதிலே எழுதப்பட்டிருந்தது. பின்பு 1930களில் மேய்ச்சல் நிலம் தேய்கிறது என்று சொல்லி அரசே ஆடுகளைப் பெருந்தொகையாகக் குறைத்தது. 1970களில் பழைய சுர்ரோ இனம் சில நூறு தலையாகக் குறுகியது. 1977இல் லைல் மக்னீல் என்ற கால்நடை அறிவியல் பேராசிரியர் எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்துப் பெருக்கத் தொடங்கினார். 1990களிலிருந்து "ஆடே வாழ்வு" என்ற பெயரிலே அந்த மக்கள் விழா எடுத்துவந்தார்கள். ஒரே திடலிலே ஆட்டை நிறுத்தி, மயிர் கத்தரித்து, நூற்று, காட்டுச் செடிகளைக் காய்ச்சிச் சாயமிட்டு, தறியிலே நெய்தும் காட்டுவார்கள். முன்பு விழாவுக்காகத் துணி நெய்தார்கள். இங்கே துணியும் ஆடும் மீளுவதற்காக விழாவே எழுந்தது.

கட்சிலும் அத்தகைய முயற்சி நடைபெறாமலில்லை. நிலநடுக்கத்தின் பின் தோன்றிய கமீர் என்னும் நிறுவனம் மேய்ப்பரையும் நூற்போரையும் நெசவாளரையும் மறுபடி சேர்த்து உள்ளூர் ஆட்டு மயிரிலே வேலை செய்விக்கிறது. ஆட்டைப் பெருக்குவதற்கு வழி உண்டு. தறியைப் பழுது பார்க்கலாம். சாயத்தின் பாகத்தை எழுதி வைக்கலாம். இன்னாரிடம்தான் நூல் கொடுப்பேன், இன்னாரிடம்தான் சாயம் போடுவேன் என்ற பழைய நம்பிக்கையைத்தான் எந்த நிறுவனமும் செய்து கொடுக்க முடியாது. அதைச் சம்பந்தப்பட்ட வீடுகளே பேணினால்தான் உண்டு.

பிள்ளையின் கேள்விக்கு இத்தனையும் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு பாடவேளை பிடித்தது. முல்லைத் திணை ஒரு கிழமை பின்தங்கிவிட்டது. பரவாயில்லை.

ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். ஊருக்குத் திரும்பிய எங்கள் உறவினர் சிலர் இப்போது திரியாயிலே மீண்டும் மாடு வைத்திருக்கிறார்கள். போன வருடம் அம்மா அங்கே போயிருந்தபோது புல்மோட்டையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளிலே துணிமூட்டையோடு வந்தார். பேச்சோடு பேச்சாக விசாரித்ததில், அவர் அந்தப் புடவை நானாவின் மகன் என்று தெரிந்தது. தகப்பன் காலமாகிப் பல வருடம். அம்மா உள்ளே போய் இரண்டு போத்தல் நெய்யைக் கொண்டுவந்து வைத்தார். "இது எங்கட அம்மாவின்ர கடன், தம்பி" என்றார்.

அவர் போத்தல்களைப் பார்த்தார். சிரித்தார். "வாப்பா மூணு போத்தல் எண்டெல்லோ சொன்னவர்" என்றார்.

அம்மம்மா கணக்கிலே இரண்டு; நானா கணக்கிலே மூன்று. இரண்டு வீட்டிலும் கணக்கு இருந்திருக்கிறது. மூன்றாவது போத்தலை அடுத்த முறை கொடுப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.